சுட்டவளும் உட்கார வேண்டாமா?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் பிரயாணம் செய்கிறவர்கள் வெள்ளாற்றைத் தாண்டியதும் ஜன்னல் வழியாகச் சற்று வெளியே பார்க்க வேண்டும். வீராணத்துத் தண்ணீரும் கொள்ளிடத்துத் தண்ணீரும் பாய்கிற பூமி அது. கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல்தான். ஒரு கோதுமைக் கதிரைக் கூடக் காண முடியாது. ஆனால் அதே ஊர்களில் இரவு எட்டு மணிக்குத் தெருவில் நடந்து போனால், வீட்டுக்கு வீடு சப்பாத்திக் கட்டை உருளும் சப்தம் கேட்கிறது!

சென்ற மாதம் சிதம்பரத்தில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். அவள் கணவருக்குச் சர்க்கரை வியாதி. ஆகையால் இரவில் சோற்றுக்கு விடை கொடுத்துவிட்டுச் சப்பாத்தியை வரவேற்றிருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் இலை முன் உட்கார்ந்தோம். தங்கை அடுப்படியில் நின்றாள். ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டு வந்து போட்டாள். நாங்கள் கை கழுவி எழுந்த பிறகு, ஆறிப்போன இரண்டு சப்பாத்திகளை மோரில் தோய்த்துத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"ஏனம்மா, நீயும் எங்களோடு உட்கார்ந்தால் என்ன?" என்றேன்.

"நான் உட்கார்ந்துவிட்டால் யார் சுட்டுப் போடுவது, அண்ணா? முன்னாலேயே சுட்டு வைத்தால் தோல் மாதிரி ஆகிவிடுகிறது. இருபது வருஷமாக இப்படித்தான் நடக்கிறது" என்றாள்.

இருபது வருஷம்! அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

கோதுமை நம் வீடுகளுக்கு விருந்தாளியாக வரவில்லை, பஞ்சத்தோடு வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. ரங்கூன் அரிசி நின்றுபோயிற்று. பிறகு ரேஷன் வந்தது. அரிசி போதாத குறைக்குக் கோதுமையும் வந்தது. அதை என்ன செய்வதென்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியவில்லை. அரிசி மாவைப் பிசைவது போலவே அவசரமாகப் பிசைந்தார்கள், உடனே இட்டார்கள், சுட்டார்கள். வந்தது அப்பளமா, அட்டையா என்று சொல்ல முடியாத ஒரு வஸ்து! "இது வேண்டா வெறுப்புச் சாப்பாடு" என்ற எண்ணம் அப்போது விழுந்ததுதான். இன்னும் முழுவதும் போகவில்லை.

மறுநாள் காலையில் தங்கையின் பெண் ஒரு விஷயம் சொன்னாள். "மாமா, கடையில் டோர்ட்டியா என்று ஒரு பாக்கெட் விற்கிறார்கள். பார்வைக்குச் சப்பாத்தி மாதிரிதான். ஆனால் ஆறினாலும் மிருதுவாக இருக்கிறது, மடித்தால் ஒடிவதில்லை" என்றாள். வாங்கி வரச் செய்து மேலே அச்சிட்டிருந்ததைப் படித்தேன். கோதுமை மாவு, எண்ணெய், உப்பு, தண்ணீர். அதன் பின்னால், பண்டம் பல நாள் கெடாமல் இருப்பதற்கான மருந்துகளின் பட்டியல். அந்தப் பட்டியல் நமக்கு வேண்டாம். முதல் நான்கும் நம் வீட்டிலேயே இருக்கின்றனவே!

டோர்ட்டியா மெக்ஸிகோ தேசத்து ரொட்டி. அங்கே ஆதியில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அரைத்து, தட்டிச் சுட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் கோதுமையைக் கொண்டுபோனார்கள். வடக்கே ஸோனோரா போன்ற வறண்ட பிரதேசங்களில் அது நன்றாக விளைந்தது. கோதுமை மாவு டோர்ட்டியாவுக்கு அந்தப் பக்கமே பெயர் பெற்றது.

மெக்ஸிகோப் பண்டத்துக்குச் சுதேசிக் குடும்பத்தில் என்ன வேலை என்று யாராவது கேட்கலாம். அப்படிக் கேட்கிறவர்கள் முதலில் தங்கள் குழம்பிலுள்ள மிளகாயை எடுத்து வெளியே எறிய வேண்டும். மிளகாயும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் பரங்கிப்பேட்டை என்று ரயில் நிலையப் பலகையில் எழுதியிருக்கிறதே, அந்தப் பரங்கியர்தான்!

ஸோனோராவுக்கும் நமக்கும் இன்னொரு சொந்தமும் உண்டு. 1966-ல் நாடு பசியால் வாடியபோது, உணவு மந்திரியாக இருந்த ஸ்ரீ சி. சுப்பிரமணியம் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையைத் தருவித்தார். அந்த ரகங்களில் ஒன்றின் பெயர் 'ஸோனோரா 64'. விளைச்சல் அமோகம், ஆனால் மணி சிவப்பு. சப்பாத்திக்குப் பொன்னிறக் கோதுமைதான் வேண்டும் என்றார்கள் நம் ஜனங்கள். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனும் அவருடைய சகாக்களும் டில்லியில் அந்த விதையின் மேல் காமா கதிர்களைச் செலுத்தி, பொன்னிற மணியுள்ள 'ஷர்பதி ஸோனோரா'வை உண்டாக்கினார்கள். சப்பாத்தியின் நிறத்துக்காக விஞ்ஞானிகள் அவ்வளவு பாடுபட்டார்கள் என்றால், அதைச் சுடுகிறவளுக்காக நாம் அரைமணி நேரம் யோசிக்கக் கூடாதா?

யோசித்தோம். செய்தும் பார்த்தோம். முறை இதுதான்:

300 கிராம் கோதுமை மாவைச் சலித்து ஒரு சிறு கரண்டி உப்புச் சேர்க்க வேண்டும். மெக்ஸிகோவில் பன்றிக் கொழுப்பைச் சேர்ப்பது வழக்கம். நமக்குத் தென்னார்க்காட்டு நிலக்கடலை எண்ணெய் இருக்கிறது. மூன்று பெரிய கரண்டி, அதாவது 45 மில்லி விட்டு, மாவு முழுவதும் பிசறிக்கொள்ள வேண்டும். பிறகு கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீர் சுமார் 175 மில்லியைச் சிறிது சிறிதாக விட்டுப் பத்து நிமிஷம் பிசைய வேண்டும். பத்து உருண்டைகளாக்கி, ஈரத்துணியால் மூடி, அரைமணி நேரம் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

இந்த அரைமணியில்தான் சூட்சுமம் இருக்கிறது. கோதுமையில் ரப்பரைப் போல் இழுத்துப் பிடிக்கும் ஒரு பசை உண்டு; அரிசியில் அது கிடையாது. பிசைந்ததும் அந்தப் பசை முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்போதே இட்டால் சுருங்கும். ஓய்வு கொடுத்தால் தளரும். தவிடும் தண்ணீரைக் குடித்து மிருதுவாகும். எண்ணெயோ பசை ரொம்பவும் இறுகிவிடாமல் காக்கும்.

பிறகு எட்டு அங்குல அகலத்துக்கு மெல்லியதாக இட்டு, நன்றாகக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் போட வேண்டும். கொப்புளம் எழும்பியதும் திருப்பி, மறுபக்கம் அரை நிமிஷத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அடுப்பு மந்தமாக இருந்தால் ஈரமெல்லாம் வற்றி, பழைய தோல்தான் கிடைக்கும். எடுத்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துணியில் சுற்றி, மூடிய பாத்திரத்தில் வைக்க வேண்டும். உள்ளே அடங்கிய ஆவியே அவற்றைப் பதப்படுத்தும். மெக்ஸிகோவிலும் இப்படித் துணியில் சுற்றித்தான் கூடையில் வைக்கிறார்கள்.

தங்கையின் கணவருக்கு ஒரு வார்த்தை. இதுவும் மாவுப் பண்டந்தான், மருந்தன்று. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கரண்டி எண்ணெயும் அடங்கியிருக்கிறது. மேலே நெய் தடவ வேண்டாம். எண்ணிச் சாப்பிட வேண்டும்.

அன்று மாலை ஆறரை மணிக்குள் தங்கை சுட்டு முடித்துவிட்டாள். எட்டு மணிக்கு அவளுக்கும் சேர்த்து இலை போட்டோம். அவள் உட்கார்ந்தாள்; ஆனால் இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தாள். பழக்கம்!

"எங்கே போகிறாய்?" என்றேன்.

"ஒன்றுமில்லை, அண்ணா. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கத்தான்" என்றாள்.

அடுப்பு அணைந்து ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. அவள் கணவர் பாத்திரத்தைத் திறந்து, துணியை விலக்கி, ஒன்றை எடுத்து அவள் இலையில் போட்டார். அது மிருதுவாகத்தான் இருந்தது.