மனை வாங்குமுன் ஒரு பாடம்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், விடுதியை விட்டு வேலைக்குச் சென்று ஓராண்டு ஆன மூத்த நண்பர் ஒருவர் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு வண்ணத் துண்டுப் பிரசுரம், முகத்திலே மலர்ச்சி. "தம்பி, நீ சட்டம் படிக்கிறவன். இதைப் பார்த்துச் சொல். நம் ஊர்ப் பக்கம் மனை போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் நான்கில் ஒரு பங்கு முன்பணம் கட்டிவிட்டால் சதுர அடிக்கு நூறு ரூபாய் தள்ளுபடியாம்" என்றார். பிரசுரத்தில் அலங்கார வளைவு இருந்தது, தென்னங்கன்றுகள் இருந்தன, பத்து ஆண்டில் விலை இரு மடங்காகும் என்ற வாக்குறுதியும் இருந்தது. நிலத்தின் சர்வே எண் மட்டும் இல்லை.

அன்று அவரிடம் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் இன்னும் ஓரிரு ஆண்டில் முதற் சம்பளம் வாங்கப் போகிறவர்கள். அதில் மிச்சம் பிடித்து ஊரில் ஒரு மனை வாங்க வேண்டும் என்ற ஆசை, தில்லிக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர்களிடம் சற்று அதிகமாகவே உண்டு. ஆசை தவறன்று, அவசரந்தான் தவறு. இதைச் சொல்ல எனக்கு ஓர் உரிமை உண்டு. என் வீட்டுக் கதையே அதற்குச் சாட்சி.

2009-ஆம் ஆண்டு என் தந்தையார் வைப்பு நிதியில் கடன் எடுத்து, தஞ்சைக்கு அருகே 3 சென்ட், அதாவது ஏறக்குறைய 1,307 சதுர அடி மனை வாங்கினார். வயலில் கல் நட்டுப் பிரித்த மனை அது. 'பஞ்சாயத்து அங்கீகாரம் பெற்றது' என்று பிரசுரம் கூறிற்று. முத்திரைத்தாள் வாங்கி முறைப்படி பத்திரமும் பதிந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து என் தாயாருக்கு அறுவைச் சிகிச்சை வேண்டியிருந்தது. மனையை விற்கத் துணிந்தோம், வாங்குவோரும் கிடைத்தார். ஆனால் 2016 செப்டம்பரில், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. எங்கள் மனைக்கு இருந்ததோ ஊராட்சித் தலைவரின் கையொப்பம் மட்டுமே. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாத அந்தக் கையொப்பம் செல்லாது என்பதை அன்றுதான் அறிந்தோம். தடை தளர்ந்தது 2017-இல். மண் இருந்தது; பத்திரம் இருந்தது; பணம் மட்டும் கைக்கு வரவில்லை. தாயாரின் நகைகள் அடகுக்குப் போயின. அவர் நலமடைந்தார், வட்டி அடைபடத்தான் நான்கு ஆண்டுகள் ஆயின.

நிற்க. புதிதாக மனை வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றை முறையே பார்ப்போம்.

முதலாவது, கணக்கு. 10 லட்ச ரூபாய்க்குத் தமிழ்நாட்டில் ஒரு மனை வாங்கினால், முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாக 90,000 ரூபாய் தனியே செலவாகும். எனவே விலை 9 விழுக்காடு ஏறிய பிறகே நாம் போட்ட முதலுக்கு வந்து நிற்கிறோம். 'பத்தாண்டில் இரு மடங்கு' என்பதும் கேட்கப் பெரிதாக இருக்கிறதே தவிர, ஆண்டுக்கு ஏறக்குறைய 7 விழுக்காடுதான். காலி மனை வாடகையும் தாராது. அவசரத்துக்கு விற்க நினைத்தால் மாதக் கணக்காகும். ஆகவே, ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் வைத்துவிட்டு, மிஞ்சியதைக் கொண்டுதான் நிலத்தைப் பற்றி நினைக்க வேண்டும்.

இரண்டாவது, ஆவணங்கள். விற்பவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று காட்டுவது தாய்ப்பத்திரம். அதிலிருந்து இன்றுவரை கைமாறிய பத்திரங்கள் சங்கிலிபோல் விடாது தொடர வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும், அங்கே ஒரு தங்கையோ தம்பி மகனோ பங்கு கேட்டு நிற்கக் கூடும். அடுத்தது வில்லங்கச் சான்று. 30 ஆண்டுகளுக்கேனும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் இணையதளத்தில் இதைக் கட்டணமின்றியே பார்க்கலாம். ஆனால் பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். பதியாத உடன்படிக்கையோ, வாரிசுகளின் வாய்மொழிப் பூசலோ வாரா. பட்டா வருவாய்த்துறையின் பதிவு. அவசியமானதுதான், எனினும் அது மட்டுமே உரிமையை நிலைநாட்டிவிடாது. இம்மூன்றும் ஒரே பெயரையும் ஒரே சர்வே எண்ணையும் ஒரே பரப்பையும் சொல்ல வேண்டும். ஒன்று மாறினாலும் முன்பணம் கொடுக்கலாகாது.

மூன்றாவது, அங்கீகாரம். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். சென்னைப் பெருநகர்ப் பகுதியானால் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதல். வரைபட எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த அலுவலகத்திலேயே சரிபார்க்க வேண்டும். இதனோடு 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை விற்க முன்வருவோர் அதன்கீழ் பதிவு பெற வேண்டும். விற்பனை உடன்படிக்கை எழுதிப் பதியாமல், விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் அச்சட்டத்தின் விதி. நண்பரிடம் கேட்டதோ நான்கில் ஒரு பங்கு! அந்த ஒரு வரியே அவருக்குப் போதிய எச்சரிக்கையன்றோ?

நான்காவது, எந்த விலைக்கும் தொடக் கூடாத நிலங்கள். கோயில் நிலம், புறம்போக்கு, நீர்நிலை ஆகியவற்றைப் பலரும் அறிவர். பஞ்சமி நிலத்தைப் பற்றி நம் வயதினர் பலருக்குத் தெரியாது. 1892-ஆம் ஆண்டு முதல், நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஆங்கிலேய அரசு ஒதுக்கிய நிலங்கள் அவை. அம்மக்களுக்கன்றிப் பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வழங்கப்பட்டவை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பிறர் அதை வாங்குவது சட்டத்திலும் நிற்காது, நேர்மையிலும் நிற்காது.

ஐந்தாவது, பவர் பத்திரம். இதற்கு ஊருக்குப் போக வேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் தில்லியே பாடம். இங்கே அனுமதியற்ற குடியிருப்புகளில் சதுர அடிக்குப் பதிலாகக் கஜக் கணக்கு. ஒரு சதுர கஜம் 9 சதுர அடி. பல வீடுகள் கிரயப் பத்திரமின்றி, பொது அதிகாரப் பத்திரம் ஒன்றையே நம்பிக் கைமாறி வந்தன. அதனால் மட்டும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்தது. உரிமையாளரின் சார்பில் முகவர் கிரயம் எழுதித் தரலாம்; ஆனால் அந்த அதிகாரம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, உரிமையாளரும் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்தாக வேண்டும்.

"இவ்வளவும் பார்த்து வாங்க என்னிடம் பணமும் இல்லை, பொழுதும் இல்லை" என்பார்க்கு வேறொரு வழி உண்டு. கட்டி முடித்து வாடகைக்கு விட்ட அலுவலகங்கள், கடை வளாகங்கள் முதலியவற்றை உடைய முதலீட்டு அறக்கட்டளைகள் 'ரீட்' எனப்படும். செபி 2014-இல் இவற்றுக்கு விதி வகுத்தது; முதலாவது 2019-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. பகிரத்தக்க வருவாயில் குறைந்தது 90 விழுக்காட்டை அவை முதலீட்டாளர்களுக்குப் பகிர வேண்டும். சில நூறு ரூபாய்க்கே ஓர் அலகு வாங்கலாம், வேண்டும்போது விற்கலாம். கட்டிடங்கள் காலியானால் வருவாய் குறையும். அலகின் விலையும் இறங்கும். எனினும், நிலச் சொத்தின் போக்கைச் சிறு தொகையில் கற்றுக்கொள்ள இது ஒரு நல்ல பள்ளிக்கூடம்.

நண்பர் அன்றே தரகரிடம் தொலைபேசியில் தாய்ப்பத்திரத்தின் நகல் கேட்டார். "முதலில் முன்பணம் போடுங்கள், சார், பத்திரம் எங்கே ஓடிவிடப் போகிறது?" என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கடந்தது, தள்ளுபடியும் கடந்தது. நண்பரின் பணம் வங்கியிலேயே இருக்கிறது. மறு வாரம், "இந்த ஞாயிறு வரை நீட்டித்திருக்கிறோம்" என்று அதே தரகரே அழைத்தாராம்!

எங்கள் மனையை, 2017-இல் வந்த விதிகளின்படி கட்டணம் செலுத்தி வரன்முறை செய்துகொண்டோம். இன்று அது குற்றமற்ற மனை. ஆயினும் தந்தையார் அந்தப் பழைய பிரசுரத்தைப் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "நீ வாங்கும்போது, பத்திரத்தைப் படிக்குமுன் இதைப் பார்த்துக்கொள்" என்றார்.

நண்பர்களே, நமக்குப் படிக்கத் தெரியும். முதல் மனைக்கு நாம் இடும் முதல் முதலீடு அதுவாகவே இருக்கட்டும்.