கத்தி வண்டியேறிய கதை

டிராக்டருக்குப் பின்னால் போகும் டிரெய்லர் என்றதும் நெல் மூட்டையோ, கரும்போ, மணலோ ஏற்றிய தொட்டிதான் நம் நினைவுக்கு வரும். வயலில் கிடக்கும் புல்லைத் தானே வாரி, தானே நறுக்கி, தானே நிரப்பிக்கொண்டு போய்க் கொட்டும் டிரெய்லரும் உண்டு. லோடர் வேகன் என்று பெயர். அதில் பெயர்பெற்ற நிறுவனங்களில் ஒன்று ஆஸ்திரியாவில், மேல் ஆஸ்திரியா மாநிலத்தின் கிரீஸ்கிர்ஷென் என்ற சிறுநகரத்தில் இருக்கிறது. பொட்டிங்கர் என்ற அந்த நிறுவனத்தை அதே பெயருள்ள குடும்பம் 1871-இல் தொடங்கியது. இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

நிறுவனர் ஃபிரான்ஸ் பொட்டிங்கர் முதலில் செய்தது டிரெய்லர் அல்ல. தீவனம் வெட்டும் எந்திரம். நம் ஊரில் சோளத்தட்டை வெட்டுவதற்குப் பெரிய சக்கரமும் அதில் பிடித்த கத்தியுமாக ஒன்று வைத்திருப்போமே, அந்த இனம். அந்த நாட்டில் குளிர்காலம் வந்துவிட்டால் மாடு மாதக்கணக்கில் கொட்டிலிலேயே நிற்கும். மேய்ச்சல் கிடையாது, கோடையில் சேர்த்துவைத்ததுதான் தீனி. நீளமாகப் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப் பாழாக்கும். நறுக்கிப் போட்டால் வீணாவது குறையும், மற்ற தீனியோடு கலக்கவும் வரும். ஆக, இந்தக் குடும்பம் கற்றுக்கொண்ட முதல் தொழில், புல்லைக் கத்தியால் ஒழுங்காக வெட்டுவது.

வெட்டுவது கொட்டிலில் நடக்கிறது. அதற்கு முன்னால் புல் கொட்டிலுக்கு வந்து சேர வேண்டுமே, பெரும்பாடு அங்கேதான். அறுத்த புல்லைக் காயவைத்து, புரட்டி, வரிசையாகக் கூட்டி, கவைக்கோலால் குத்தித் தூக்கி வண்டியில் எறிய வேண்டும். வண்டிமேல் ஒருவர் நின்று பாரம் சரியாதபடி அடுக்க வேண்டும். கொட்டிலுக்குப் போனால் அத்தனையையும் மறுபடி கையால் இறக்க வேண்டும். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வெயில் நிற்கிற இரண்டு மூன்று நாளுக்குள் முடிக்காவிட்டால் புல் கெட்டுவிடும். அதனால் வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் வயலில் இறங்குவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. டிராக்டர் வந்தது, இளைஞர்கள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். இழுக்க எந்திரம் இருந்தும் ஏற்றி இறக்க ஆள் இல்லை.

அந்த இடைவெளியை அடைத்த யோசனை பொட்டிங்கர் குடும்பத்துடையது அல்ல. தெற்கு ஜெர்மனியின் ஹைனிங்கனைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் வைஷெல்தான் 1960-களின் தொடக்கத்தில் லோடர் வேகனை உருவாக்கியவர். ஆனால், தங்கள் வாடிக்கையாளருக்கு இது எவ்வளவு அவசியம் என்பதைக் கிரீஸ்கிர்ஷென்காரர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். 1963-இல் ‘பயனியர்’ என்ற தங்கள் முதல் லோடர் வேகனை வெளியிட்டார்கள்.

வண்டி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். முன்பக்கம் தரையை ஒட்டிச் சுழலும் உருளையில் வில்போல வளையும் கம்பிப் பற்கள் இருக்கும். அவை வரிசையாகக் கிடக்கும் புல்லைச் சீவி எடுத்துக் கொடுக்கும். டிராக்டர் எஞ்சினின் சக்தியை வெளியே கொடுக்கும் பி.டி.ஓ. தண்டால் சுழலும் ரோட்டார் அந்தப் புல்லை மேல்நோக்கி அழுத்தித் தள்ளும். போகிற வழியில் நெருக்கமாகக் கத்திகள் நிற்கும். புல் அவற்றின் ஊடே நுழைந்து, நறுக்கப்பட்டுத் தொட்டிக்குள் விழும். தொட்டியின் தரையில் சங்கிலியோடு இணைந்த பட்டைகள் நகரும். முன்பக்கம் குவிந்ததைப் பின்னால் இழுத்து இடம் பண்ணும். இறக்கும்போதும் அதே தரைதான். பின்கதவைத் திறந்தால் புல் தானாக வெளியே வந்துவிடும். பலர் சேர்ந்து பார்த்த வேலை, டிராக்டர் ஓட்டும் ஒருவரின் வேலையாகிவிட்டது.

வண்டிக்குள் கத்தி எதற்கு? அங்கே இன்று உலர்புல்லை விடச் சைலேஜ், அதாவது ஊறுகாய்ப்புல், மிகுதி. புல்லைக் குவித்து, டிராக்டரால் ஏறி மிதித்து, காற்றுப் புகாமல் மூடிவைத்தால் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புல்லின் சர்க்கரையைப் புளிக்கச் செய்து அதைக் கெடாமல் காக்கும். புல் நீளமாக இருந்தால் நன்றாக அமுங்காது. இடையில் காற்று நிற்கும், பூஞ்சை பிடிக்கும். துண்டு சிறிதாக இருந்தால் இறுகிப் படியும். அதனால்தான் இவர்களுடைய பெரிய ஜம்போ வண்டிகளில் 34 மில்லிமீட்டர் அளவுக்குப் புல்லை நறுக்க முடிகிறது.

இத்தனை கத்தி என்றால் இரண்டு கவலை கூடவே வரும். ஒன்று, கல். வயலில் கிடக்கும் கல் புல்லோடு ஏறிவந்தால் கத்தி உடையும். அதற்காக ஒவ்வொரு கத்தியும் தனித்தனி ஸ்பிரிங் பாதுகாப்போடு இருக்கும். கல் பட்டால் அந்தக் கத்தி மட்டும் விலகி வழிவிட்டு, பிறகு தன் இடத்துக்குத் திரும்பும். இரண்டு, மழுங்கல். மழுங்கிய கத்தி புல்லை வெட்டாது, பிய்க்கும். டீசல் கூடுதலாகச் செலவாகும். கத்திகளைக் கழற்றாமல் வண்டியிலேயே தானாகத் தீட்டும் ‘ஆட்டோகட்’ என்ற அமைப்பை இவர்கள் கொண்டுவந்தது அதற்காகத்தான். சாணை பிடிக்கும் வேலையை விவசாயி இரவில் உட்கார்ந்து செய்யாமல் இருக்க வேண்டும் என்று யோசிப்பது, அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்தவர்களால்தான் முடியும்.

நிறுவனம் பிறகு பரந்தது. 1975-இல் ஜெர்மனியின் லான்ட்ஸ்பெர்கில் ஒரு கலப்பைத் தொழிற்சாலையையும், 2001-இல் பெர்ன்பர்கில் ஒரு விதைப்புக் கருவித் தொழிற்சாலையையும் வாங்கினார்கள். ஆனாலும் டிராக்டர் செய்யப் போகவில்லை. டிராக்டரோடு பூட்டும் கருவிகளோடு நின்றுகொண்டார்கள். தலைமுறை கடந்த குடும்பத் தொழில் என்றால் பலரும் சொத்தையும் பெயரையும் சொல்வார்கள். எனக்கு இந்தக் கதையில் பெரிதாகத் தெரிவது வேறு. மாட்டுக்காரரின் ஒரே கஷ்டத்தைத் தலைமுறைதோறும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். கொட்டிலில் கற்ற கைத்திறனைத் தேவை வந்தபோது வயலுக்குக் கொண்டுபோனார்கள். யோசனை அடுத்தவருடையதாக இருந்தாலும் தயங்கவில்லை. சிறிய பட்டறை வைத்திருக்கும் எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் இது: எந்திரத்தை மாற்றலாம், யாருக்காக அதைச் செய்கிறோம் என்பதை மாற்றக் கூடாது.