காருக்குள் ஒரு கணவாய்!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தென்காசியில் காற்றின் குணமே மாறிவிடும். முகத்தில் சாரல் அடிக்கும். மலைக்கு அப்பால் கேரளத்தில் பருவமழை கொட்டும்போது, அந்த ஈரக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் புகுந்து வருகிறது. குற்றாலத்தில் "சீசன்" தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மனிதர்களுக்கும் அதுதான் வழி. மலை உச்சியில் ஏறி இறங்க எத்தனை பேரால் முடியும்? கணவாய் இருந்ததால் செங்கோட்டையில் இருந்து புனலூருக்கு 1904-ம் ஆண்டிலேயே ரெயில் ஓடியது. எத்தனை பேர் கடந்தாலும் கணவாய் குறைந்து போவதில்லை.

ரசாயனத்திலும் இப்படிக் "கணவாய்" ஆகும் பொருள்கள் உண்டு. அவற்றுக்கு வினையூக்கி என்று பெயர். ஒரு பொருள் இன்னொன்றாக மாற அவை சுலபமான வழியைக் காட்டும். ஆனால் தாங்கள் செலவாகிவிட மாட்டா. இந்த அதிசயத்துக்கு 1835-ம் ஆண்டில் பெயர் சூட்டியவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி பெர்சீலியஸ்.

உங்கள் வாயிலேயே ஒரு வினையூக்கி இருக்கிறது. ஒரு பிடி வெறும் சோற்றை விழுங்காமல் நன்றாக மென்று பாருங்கள். சற்று நேரத்தில் லேசாக இனிக்கும். உமிழ்நீர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிட்டது!

விஷ வாயு

தென்காசியில் இருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர்தான். சீசனில் ஞாயிறு வந்தால் கார்கள் எறும்புச் சாரை போல ஊர்ந்து செல்லும். பெட்ரோல் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. ஆனால் கொடிய விஷம். பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும்.

இது பிராண வாயுவுடன் சேர்ந்துவிட்டால் கரியமில வாயு ஆகிவிடும். அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனால் இடையே மலை நிற்கிறது! தானாக எரிய 600 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு வேண்டும்.

இங்கேதான் கணவாய். காரின் புகைக்குழாயில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. உள்ளே தேனடை போல நுண்ணிய துவாரங்கள். அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசப்பட்டுள்ளன. எல்லாம் சேர்ந்து சில கிராம்தான். விலையோ தங்கத்துக்குப் போட்டி!

விஷ வாயு வந்து உலோகத்தின் மேல் உட்காருகிறது. பிராண வாயுவும் உட்கார்ந்து, இரண்டாகப் பிளக்கிறது. இரண்டும் கைகோத்துக் கரியமில வாயுவாக எழுந்து போய்விடும். இடம் காலி, அடுத்தது வரலாம். சத்திரத்துத் திண்ணை மாதிரி. சுமார் 300 டிகிரியிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

1995-ம் ஆண்டு ஏப்ரல் முதல் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் திண்ணையில் படிந்தால் பிறகு எழுந்திருக்காது. பெட்டி பாழ். ஆகவே 2000-ம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது.

காரில் தூங்கலாமா?

கூடாது. சீசனில் அறை கிடைக்காதவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, "ஏ.சி." போட்டுக் குழந்தைகளுடன் காரிலேயே படுத்துவிடுகிறார்கள். பெட்டி சூடேறும் வரை கணவாய் அடைத்தே கிடக்கும். பெட்டிக்கு முன்னால் குழாயில் விரிசல் இருந்தால், விஷ வாயு சுத்தமாகாமலே கசிந்து உள்ளே வரலாம். மணம் இல்லாததால் தூங்குகிறவர் விழிக்கமாட்டார்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஆகியவை முதல் அறிகுறிகள். உடனே கதவைத் திறந்து எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.