வீட்டுக்குள் ஒரு கடல் தொட்டி: கடன் கேட்கும் முன் தெரிந்துகொள்வோம்



வண்ண மீன் வளர்ப்புக்குக் கடன் கிடைக்குமா என்று நம் கடலோரக் குழுக்கள் பலவும் கேட்டு வருகின்றன. "கடல்தான் வாசல்லயே இருக்கே, தண்ணிக்கும் மீனுக்கும் செலவே இல்லையே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நல்ல தண்ணி மீன் வேறு, கடல் மீன் வேறு. சென்னை கொளத்தூரில் நடக்கும் வண்ண மீன் வியாபாரத்தில் பெரும்பங்கு நல்ல தண்ணி மீன்தான். அதை வைத்துக் கடல் மீனுக்குக் கணக்குப் போட முடியாது.

அதனால் நாங்கள் சொல்லும் யோசனை இது. பத்துத் தொட்டிக்குக் கடன் கேட்கும் முன்னால், குழுவாகச் சேர்ந்து ஒரே ஒரு சின்னக் கடல் தொட்டி வையுங்கள். அதை ஆறு மாதம் ஒழுங்காக ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு கடனைப் பற்றிப் பேசலாம். அந்த ஒரு தொட்டியை எப்படி வைப்பது, எதை அதில் விடக் கூடாது என்பதை இங்கே விளக்குகிறோம்.

பவளம் மட்டும் வேண்டவே வேண்டாம்

படங்களில் பார்க்கும் கடல் தொட்டிகளில் உயிருள்ள பவளம் பூப்பூவாக விரிந்து நிற்கும். நம் தொட்டியில் அது இருக்கக் கூடாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம் சட்டம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001ஆம் ஆண்டு கல் பவளங்கள் எல்லாம் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ அதேதான் பவளத்துக்கும். பிடிபட்டால் குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரைக்கும் போகலாம். கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை இவற்றையும் தொடக் கூடாது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத் துண்டும் இதில் அடக்கம். "உயிர்க் கல்" என்று சொல்லி யாராவது மலிவாகக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீங்க. விற்றவன் போய்விடுவான், குழுவின் பெயர்தான் கெடும்.

இரண்டாவது காரணம் செலவு. பவளம் செடி இல்லை, உயிரினம். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பங்கு கொடுக்கிறது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும், பிறகு பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படிப் பெரிய அளவில் பவளம் வெளுத்தது. கடலிலேயே இந்த நிலை என்றால், சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் இருக்கும் தொட்டியைச் சொல்லவே வேண்டாம். பவளம் வளர்க்க விலை உயர்ந்த விளக்கும், தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரமும் வேண்டும். பவளம் இல்லையென்றால் இந்த இரண்டு செலவுமே கிடையாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் 21 தீவுகளோடு அறிவிக்கப்பட்டது. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல காலம் பவளக் கல்லை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். பாறை போனால் மீன் குஞ்சு ஒதுங்க இடம் இல்லை, கரைக்கு அலைத் தடுப்பும் இல்லை. வீட்டுக்காரர் வலையில் மீன் விழுவதே அந்தப் பாறையால்தான்.

தொட்டியும் சாமான்களும்

சின்னத் தொட்டி என்றால் சுலபம் என்று நினைக்காதீங்க. தண்ணீர் குறைவாக இருந்தால் சின்னத் தப்பும் பெரிதாகிவிடும். 2½ அடி நீளம், 1¼ அடி அகலம், 1½ அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி போதும். கல், மணல் போக சுமார் 100 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். எல்லாம் சேர்ந்து 150 கிலோ வரை கனம் வரும். அதனால் மட்டமான, உறுதியான மேசை வேண்டும். அடியில் தெர்மக்கோல் அட்டை போடுங்க. ஜன்னல் வெயில் நேராக விழாத இடமாகப் பாருங்க.

வாங்க வேண்டியவை:

1. தண்ணீரைச் சுழற்றும் சின்ன மோட்டார். மணிக்கு 1,000 லிட்டர் தள்ளினால் சரி.
2. ஏர் பம்பும் பஞ்சு ஃபில்டரும். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்பு ஒன்று.
3. சாதாரண எல்.இ.டி. விளக்கு.
4. உப்பளவு பார்க்கும் ஹைட்ரோமீட்டர், வெப்பமானி.
5. அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டி. இதை மிச்சம் பிடிக்கக் கூடாது.
6. கல்லுக்குப் பதிலாக உடைந்த மண் சட்டி, பூந்தொட்டி, பீங்கான் வளையங்கள். அடியில் போட, கோழித் தீவனத்துக்கு விற்கும் கிளிஞ்சல் நொறுங்கல். நன்றாக அலசிப் போடுங்க. கிளிஞ்சல் சுண்ணாம்புச் சத்து என்பதால் பி.எச். கீழே இறங்காமல் தாங்கிப் பிடிக்கும்.

செம்பு, பித்தளை, தகரப் பாத்திரம் எதுவும் இந்தத் தண்ணீரில் படக் கூடாது. செம்பு கொஞ்சம் கரைந்தாலும் இறாலும் நத்தையும் செத்துவிடும். பிளாஸ்டிக் வாளி ஒன்றைத் தனியாக வையுங்க. சோப்புப் போட்ட வாளியை இதற்கு எடுக்காதீங்க.

பிளக் பாயிண்டில் கவனம் தேவை. உப்புத் தண்ணீரில் கரண்ட் நன்றாகப் பாயும். ஒயரைச் சுவிட்சுக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றிச் சொருகினால், ஒயர் வழியாக வரும் தண்ணீர் கீழேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடும் முன் சுவிட்சை அணைக்க வேண்டும்.

தண்ணீர்

கடல் தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஹைட்ரோமீட்டரில் 1.023 முதல் 1.025 வரை காட்டினால் நல்லது. கடையில் கிடைக்கும் மீன் தொட்டிக் கடலுப்பு 100 லிட்டருக்கு 3½ முதல் 4 கிலோ வரை வேண்டும். சமையல் உப்பைப் போட்டால் ஆகாது. அதில் சோடியம் குளோரைடு மட்டும்தான் உண்டு. கடலில் உள்ள சுண்ணாம்பு, மக்னீசியம் போன்ற சத்துகள் அதில் இல்லை.

கடலோரச் சகோதரிகள் கடல் தண்ணீரையே எடுக்கலாம். சாக்கடை விழும் இடம், படகு கட்டும் இடம், இறால் பண்ணைத் தண்ணீர் வரும் இடம் வேண்டாம். ஏற்றத்தின்போது கொஞ்சம் உள்ளே தள்ளி எடுங்க. மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி போட்ட டிரம்மில் ஒரு வாரம் இருட்டில் வைத்துத் தெளிந்ததை எடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைத் தண்ணீரின் உப்பு குறைந்துவிடும். அளந்து பார்க்காமல் ஊற்றக் கூடாது.

தொட்டியில் தண்ணீர் வற்றினால் உப்புத் தண்ணீர் ஊற்றாதீங்க. வற்றுவது வெறும் தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கும். அதனால் சுத்தமான நல்ல தண்ணீரை விட்டுப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெளியில் ஒரு கோடு போட்டு வைத்தால் தெரிந்துவிடும்.

மீன் விடாத ஆறு வாரம்

கடல் தொட்டி தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இன்றைக்குத் தண்ணீர் ஊற்றி நாளைக்கு மீன் விட்டால், பத்து நாளில் மீன் மிதக்கும்.

காரணம் இதுதான். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அமோனியா என்ற நஞ்சாகிறது. கடல் தண்ணீரில் பி.எச். 8க்கு மேல் இருப்பதால், நல்ல தண்ணீரைவிட இங்கே அமோனியாவின் விஷம் கூடுதல். ஒரு வகை நுண்ணுயிர் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். இந்த நுண்ணுயிர்கள் சட்டித் துண்டிலும் பஞ்சிலும் ஒட்டிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். குப்பை அள்ள ஆள் வருவதற்கு முன்னாடியே ஊரில் சனத்தைக் குடிவைத்தால் என்ன ஆகும்? அதேதான்.

செய்முறை சுலபம். ஒரு பச்சை இறாலை வலைத் துணியில் கட்டித் தொட்டிக்குள் போடுங்க. மோட்டாரும் ஏர் பம்பும் இரவு பகலாக ஓட வேண்டும். இறால் அழுக அழுக அமோனியா ஏறும். மூன்று நாளுக்கு ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதுங்க. முதலில் அமோனியா ஏறி இறங்கும், அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் தெரியும்போது தொட்டி தயார். மிச்ச இறாலை எடுத்துவிட்டு, கால் பங்கு தண்ணீரை மாற்றுங்க. ஆறு வாரம் ஆகியும் நைட்ரைட் இறங்கவில்லை என்றால் இன்னும் காத்திருப்போம். காலண்டரைப் பார்த்து மீன் விட வேண்டாம், அளவைப் பார்த்து விடுவோம்.

எந்த மீன் விடலாம்?

பொரிப்பகத்தில் பிறந்த மீன்தான் நமக்கு ஏற்றது. 2003இல் வந்த 'நீமோ' படத்துக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கோமாளி மீன் இதற்கு முதல் தேர்வு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் கோமாளி மீன், டாம்சல் மீன் வகைகளைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியது. குஞ்சு இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்க.

கடலில் கோமாளி மீன் கடல் சாமந்தியோடு சேர்ந்து வாழும். தொட்டியில் சாமந்தி இல்லாமலேயே நன்றாக இருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லாக் குஞ்சும் முதலில் ஆணாகத்தான் வளரும். கூட்டத்தில் பெரியதும் பலமானதும் பெண்ணாக மாறிவிடும். அடுத்தது அதற்குத் துணை. அதனால் ஆண் பெண் பார்த்து வாங்கும் கவலை இல்லை. ஒரே வகையில் இரண்டு குஞ்சு வாங்கினால் ஜோடி தானாக அமையும். முட்டைக்குக் காவல் காப்பதும், துடுப்பால் விசிறுவதும் பெரும்பாலும் ஆண் மீனின் வேலை!

100 லிட்டருக்கு நாலு மீனுக்கு மேல் வேண்டாம். முதலில் கோமாளி இரண்டு, ஒரு மாதம் கழித்து டாம்சல் ஒன்று. டாம்சல் சண்டைக்காரன், அதனால் கடைசியில் விடுங்க. வண்ணத்துப்பூச்சி மீன் அழகுதான், ஆனால் அதில் பல வகைகள் உயிருள்ள பவளத்தைக் கடித்துத் தின்று வாழ்பவை. தொட்டியில் அவை பட்டினி கிடந்து சாகும்.

மீன் வந்த பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்க. பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, ஒரு மணி நேரம் பழக்கி, மீனை மட்டும் எடுத்து விடுங்க. பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

யார் என்ன வேலை செய்வது?

தீனி ஒரு நாளைக்கு இரண்டு வேளை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான். வேகவைத்து நறுக்கிய இறால், மட்டிச் சதை கொடுக்கலாம். "பாவம், இன்னும் கொஞ்சம்" என்று போடும் தீனிதான் மறுநாள் அமோனியா. வாரம் ஒரு முறை 10 லிட்டர் தண்ணீர் மாற்ற வேண்டும். வெப்பம் 25 முதல் 29 டிகிரிக்குள் இருக்கட்டும். கோடையில் தண்ணீரின் மேல் சின்ன ஃபேன் காற்றுப் பட்டால் சூடு குறையும், ஆனால் வற்றுவதும் கூடும்.

எல்லோரும் பார்ப்போம் என்று விட்டால் ஒருத்தரும் பார்க்க மாட்டோம். வாரத்துக்கு இருவர் என்று முறை வைத்து, பெயரை நோட்டில் எழுதுங்க. தீனி போடும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும்.

கணக்கு

ஏர் பம்பும் மோட்டாரும் சேர்த்து 15 வாட் என்றால் ஒரு நாளைக்கு 0.36 யூனிட். 18 வாட் விளக்கு 8 மணி நேரம் எரிந்தால் 0.14 யூனிட். மொத்தம் அரை யூனிட், மாதம் 15 யூனிட். கடையில் வாங்கும் உப்பு என்றால் மாதம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆகும். சாமான்களுக்கு மூன்று கடையில் விலைப்பட்டியல் வாங்கி, தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வையுங்க. முதல் தொட்டியைக் குழுச் சேமிப்பிலிருந்து உள்கடனாக வைப்பதே நல்லது. வங்கிக் கடன் இப்போதைக்கு வேண்டாம்.

ஆறு மாதம் தொட்டி நின்றால் அடுத்த வழி திறக்கும். பொரிப்பகக் குஞ்சை வாங்கி, விற்பனை அளவுக்கு வளர்த்துக் கொடுப்பது பெண்கள் வீட்டோடு செய்யக்கூடிய வேலை. லட்சத்தீவின் அகத்தி தீவில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து அலங்கார இறால் வளர்க்கப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ண மீன் வளர்ப்பு அலகுகளும் இருந்தன. பெண்களுக்கு 60 சதவீத மானியம் வைக்கப்பட்டது. மானியத்தை நம்பி முன்பணம் கொடுக்கும் முன்னால், மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போய் இந்த ஆண்டுக்கு என்ன உண்டு என்பதை எழுத்தில் வாங்குங்க. வாங்குபவர் யார், ஒரு மீனுக்கு என்ன தருவார் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச மூன்று கேள்விகள்:

ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க நம்மிடம் பொறுமை இருக்கிறதா?

தினமும் அளந்து எழுத ஆள் இருக்கிறதா?

பவளக் கல் மலிவாக வந்தால் வேண்டாம் என்று சொல்ல எல்லோரும் ஒரே மனதாக இருக்கிறோமா?

மூன்றுக்கும் ஆமாம் என்றால் தீர்மானம் எழுதி ஊக்குநரிடம் கொடுங்க. தொட்டி வைக்கும் அன்று நாங்களும் வந்து கூட நிற்கிறோம்.