தகவல் தொழில்நுட்பத் தொழில்முறைச் சான்றிதழ்

தகவல் தொழில்நுட்பத் தொழில்முறைச் சான்றிதழ் என்பது கணினி, வலையமைப்பு, தரவுத்தளம், மென்பொருள் முதலிய துறைகளில் ஒருவர் குறிப்பிட்ட அளவு அறிவும் திறனும் பெற்றுள்ளார் என்பதற்குத் தேர்வின் அடிப்படையில் வழங்கப்படும் சான்று ஆகும். இதனைப் பெரும்பாலும் அத்தொழில்நுட்பத்தை உருவாக்கி விற்கும் நிறுவனங்களோ தொழில்துறைச் சங்கங்களோ வழங்குகின்றன. பட்டப்படிப்புக்கு மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் தேவைப்படும். தொடக்கநிலைச் சான்றிதழ் ஒன்றுக்குச் சில மாத உழைப்புப் போதுமானதாக இருக்கலாம். ஆகவே வேலையிழந்தோரும், வேறு தொழிலிலிருந்து இத்துறைக்கு மாற விரும்புவோரும் இதனை மறுபயிற்சிக்கான வழியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். எனினும், சான்றிதழ் தேர்வு எழுதிய நாளில் ஒருவருக்கு இருந்த அறிவையே காட்டுகிறது. பணி அனுபவத்துக்கு அது ஈடாகாது. இந்த வேறுபாடே மறுபயிற்சியின் வெற்றியையும் தோல்வியையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

1980களில் அலுவலகங்களில் தனித்தனியே இயங்கிய கணினிகள் வலையமைப்புகளாக இணைக்கப்பட்டன. அக்காலத்தில் நொவெல் நிறுவனத்தின் நெட்வேர் என்னும் வலையமைப்பு இயக்குதளம் பரவலாகப் பயன்பட்டது. அதனை வாடிக்கையாளர் இடத்தில் நிறுவியவர்கள் பெரும்பாலும் நொவெல்லின் ஊழியர்கள் அல்லர். அதனை வாங்கி விற்ற தனி வணிகர்களின் பணியாளர்களே. அவர்கள் பிழையாக நிறுவினால் பழி உற்பத்தி நிறுவனத்தைச் சேரும். ஒவ்வொரு சிக்கலுக்கும் வாடிக்கையாளர் நேரடியாக அந்நிறுவனத்தை அழைத்தால் செலவும் மிகும். எனவே தேர்ச்சி பெற்ற பணியாளர்களை அடையாளம் காட்டுவது நிறுவனத்துக்கே தேவையாயிற்று. 1980களின் பிற்பகுதியில் நொவெல் தொடங்கிய சி.என்.இ. சான்றிதழ் இவ்வகையில் முன்னோடியாகும்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 1992 ஆம் ஆண்டில் தனது சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியது. 1993 ஆம் ஆண்டில் சிஸ்கோவின் உயர்நிலைச் சான்றிதழான சி.சி.ஐ.இ.யும், காம்ப்டியா என்னும் தொழில்துறைச் சங்கத்தின் ஏ பிளஸ் சான்றிதழும் அறிமுகமாயின. சிஸ்கோவின் தொடக்கநிலைச் சான்றிதழான சி.சி.என்.ஏ. 1998 ஆம் ஆண்டில் வந்தது. லினக்சு இயக்குதளத்துக்கு ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.இ. சான்றிதழ் 1999 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மேகக் கணிமை பரவியபின், அமேசான் வெப் சர்வீசஸ் 2013 ஆம் ஆண்டில் தன் முதல் சான்றிதழை அறிமுகப்படுத்தியது. புரொமெட்ரிக், பியர்சன் வியூ போன்ற தேர்வு நிறுவனங்கள் பல நாடுகளில் மையங்களை அமைத்ததால், ஒரே தேர்வை உலகின் பல நகரங்களில் எழுத முடிந்தது.

வகைகள்

தொழில்முறைச் சான்றிதழ்களை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம்.

நிறுவனம் சார்ந்தவை: மைக்ரோசாப்ட், சிஸ்கோ, ஆரக்கிள், ரெட் ஹாட், அமேசான் போன்ற நிறுவனங்கள் தத்தம் தயாரிப்புகள் தொடர்பாக வழங்குபவை. அத்தயாரிப்பைப் பயன்படுத்தும் பணியிடத்தில் இவற்றுக்கு மதிப்பு மிகுதி. தயாரிப்பு வழக்கொழிந்தால் சான்றிதழின் மதிப்பும் குறையும்.

நிறுவனம் சாராதவை: காம்ப்டியாவின் ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ் ஆகியவை இவ்வகையின. தகவல் பாதுகாப்புத் துறையின் சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழும் இதில் அடங்கும். இவை எந்தத் தயாரிப்புக்கும் பொதுவான அடிப்படைகளைச் சோதிக்கின்றன.

தேர்வு முறை

பெரும்பாலான தேர்வுகள் கணினியில் நடத்தப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, ஏ பிளஸ் சான்றிதழுக்கு இரண்டு தேர்வுகளில் தேர்ச்சி பெற வேண்டும். ஒவ்வொரு தேர்வும் 90 நிமிடங்களில் அதிக அளவாக 90 வினாக்களைக் கொண்டது. கணினி உறுப்புகள், அச்சுப்பொறி, இயக்குதளம் நிறுவுதல், தீநிரல் நீக்குதல், பழுதறிதல் முதலியன பாடப்பொருள்கள். பலவுள் தெரிவு வினாக்களுடன், திரையில் ஒரு சிக்கலைத் தீர்த்துக் காட்டும் வினாக்களும் இடம்பெறுகின்றன.

ஆர்.எச்.சி.இ. தேர்வு இதிலிருந்து வேறுபட்டது. அதில் தேர்வர் இயங்கும் கணினியில் பணிகளைச் செய்து முடிக்க வேண்டும். செய்த அமைப்பு சரியாக இயங்குகிறதா என்பதைக் கொண்டே மதிப்பெண் வழங்கப்படுகிறது. சி.சி.ஐ.இ. சான்றிதழுக்கும் செய்முறைத் தேர்வு உண்டு.

சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழ் அனுபவத்தையும் கோருகிறது. தேர்வில் தேறியவர் அதன் எட்டுப் பாடப்பகுதிகளில் இரண்டிலேனும் ஐந்து ஆண்டு பணியாற்றியிருக்க வேண்டும். உரிய பட்டமோ வேறு சில சான்றிதழ்களோ இருப்பின் ஓராண்டு தளர்த்தப்படும். அனுபவம் இல்லாதவர் தேர்வில் வென்றாலும் இணை உறுப்பினராக மட்டுமே கொள்ளப்படுவார். ஆகவே புதிதாக இத்துறைக்கு வருபவர் உயர்நிலைச் சான்றிதழ் ஒன்றை இலக்காகக் கொள்ளுமுன் அதன் நிபந்தனைகளை அறிதல் இன்றியமையாதது.

மறுபயிற்சியில் செய்முறையின் இடம்

பாடநூலைப் படித்தல், மாதிரி வினாக்களுக்கு விடையளித்தல், தேர்வு எழுதுதல் என்பதே வழக்கமான வரிசையாகும். இவ்வரிசையில் செய்முறை விடுபட்டால் ஏற்படும் குறையைப் பின்வரும் எடுத்துக்காட்டு விளக்கும்.

ஓர் அலுவலகத்தில் இரு கணினிகள் ஒரே நிலைமாற்றியில் இணைக்கப்பட்டுள்ளன. முதற் கணினியின் முகவரி 192.168.1.10, இரண்டாவதன் முகவரி 192.168.1.200. வடங்கள் சரியாக உள்ளன, விளக்குகளும் எரிகின்றன. எனினும் ஒன்றுடன் ஒன்று தொடர்புகொள்ள இயலவில்லை. முதற் கணினியின் உபவலை மறைப்பு 255.255.255.0 என்றும், இரண்டாவதில் தவறுதலாக 255.255.255.128 என்றும் இடப்பட்டிருப்பதே காரணம். இதனால் இரண்டாவது கணினி, முதற் கணினி வேறொரு வலையமைப்பில் இருப்பதாகக் கருதி, விடையை அதற்கு நேரடியாக அனுப்புவதில்லை. வெளிவழி முகவரியும் இடப்படவில்லையெனில் அவ்விடை எங்கும் செல்லாது.

உபவலை மறைப்பின் வரையறையை மனனம் செய்தவர் தேர்வில் அதற்குரிய மதிப்பெண்ணைப் பெறுவார். ஆனால் வடம், முகவரி, மறைப்பு, வெளிவழி என ஒவ்வொன்றாகச் சோதித்துப் பழகியவரே பணியிடத்தில் இப்பிழையை விரைவில் கண்டறிவார். நேர்காணல்களிலும் இத்தகைய வினாக்கள் கேட்கப்படுவதுண்டு.

செய்முறைக்கு விலையுயர்ந்த கருவிகள் எப்போதும் தேவைப்படுவதில்லை. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருளில் திசைவிகளையும் நிலைமாற்றிகளையும் திரையிலேயே இணைத்துப் பழகலாம். வெர்ச்சுவல்பாக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் துணையுடன் ஒரே கணினிக்குள் பல இயக்குதளங்களை நிறுவலாம். சரியாக இயங்கும் அமைப்பைத் தாமே பழுதாக்கி, பின்னர் அதனைச் சீர்செய்து பார்ப்பது நல்ல பயிற்சியாகும்.

முந்தைய தொழிலின் அறிவும் வீண்போவதில்லை. கணக்குப்பதிவில் அனுபவம் உடையவர் கணக்கியல் மென்பொருள் பராமரிப்பிலும், மின்பணியாளர் வலையமைப்பு வடமிடலிலும், கடையில் வாடிக்கையாளரைக் கையாண்டவர் பயனர் உதவி மையத்திலும் பிறரைவிட எளிதில் காலூன்றலாம்.

காலாவதி

சான்றிதழ் பெறுவதுடன் செலவு முடிவதில்லை. 1990களின் இறுதியில் மைக்ரோசாப்டின் எம்.சி.எஸ்.இ. மிகவும் நாடப்பட்ட சான்றிதழாக இருந்தது. விண்டோஸ் என்.டி. 4.0 அடிப்படையிலான அச்சான்றிதழைப் பெற ஆறு தேர்வுகள் எழுத வேண்டும். விண்டோஸ் 2000 வெளிவந்தபின், பழைய சான்றிதழ் 2001 ஆம் ஆண்டு இறுதியில் செல்லாது என அந்நிறுவனம் அறிவித்தது. கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து 2001 அக்டோபரில் அம்முடிவு கைவிடப்பட்டது. எம்.சி.எஸ்.இ. சான்றிதழே 2021 சனவரியில் முழுமையாக நிறுத்தப்பட்டு, பணிப்பொறுப்பு சார்ந்த புதிய சான்றிதழ்கள் அதன் இடத்தைப் பெற்றன.

காம்ப்டியா சான்றிதழ்கள் முதலில் வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாயின. 2011 சனவரி முதல் பெறப்பட்ட ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ் சான்றிதழ்கள் மூன்றாண்டுகளுக்கே செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும். சி.சி.என்.ஏ.வும் மூன்றாண்டுக் காலம் உடையது.

விமர்சனங்கள்

அனுபவம் இன்றி மனனத்தால் மட்டும் சான்றிதழ் பெற்றவர்களைக் குறிக்க, 1990களின் பிற்பகுதியில் 'காகித எம்.சி.எஸ்.இ.' என்னும் ஏளனப் பெயர் ஆங்கில வழக்கில் தோன்றியது. உண்மையான தேர்வு வினாக்களைத் திருடி விற்போரும் இதற்குக் காரணமாயினர். 2002 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மைக்ரோசாப்ட் தேர்வு வினாக்களை விற்ற ஒருவர் வணிக மறைபொருள் திருட்டுக் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இத்தகைய முறைகேட்டால் நேர்மையாகப் படித்தவரின் சான்றிதழும் மதிப்பிழக்கிறது.

பொருளாதார நிலையும் சான்றிதழின் பயனைப் பாதிக்கிறது. அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சுட்டெண் 2000 மார்ச்சில் உச்சத்தைத் தொட்டு, 2002 அக்டோபருக்குள் தன் மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் இழந்தது. தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்த அவ்வேளையில், புதிதாகச் சான்றிதழ் பெற்றவர்கள் அனுபவம் மிக்க வேலையிழந்தவர்களுடன் போட்டியிட நேர்ந்தது.

அரசுகளின் பங்கு

அமெரிக்காவில் 1998 ஆம் ஆண்டின் தொழிலாளர் முதலீட்டுச் சட்டம், வேலையிழந்தோர் தகுதிபெற்ற பயிற்சியைத் தேர்ந்தெடுக்கத் தனிநபர் பயிற்சிக் கணக்குகளை ஏற்படுத்தியது. 2014 ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் அதற்கு மாற்றாக வந்தது. அந்நாட்டின் பாதுகாப்புத் துறை 2005 ஆம் ஆண்டு முதல் தகவல் பாதுகாப்புப் பணியாளர்களுக்குக் குறிப்பிட்ட சான்றிதழ்களைக் கட்டாயமாக்கியது. இதனால் செக்யூரிட்டி பிளஸ் போன்றவற்றுக்கு உறுதியான தேவை உருவாயிற்று.

இங்கிலாந்தில் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய தனிநபர் கற்றல் கணக்குத் திட்டம் கணினிப் படிப்பு உள்ளிட்ட பயிற்சிகளுக்குக் கட்டணச் சலுகை வழங்கியது. பயிற்சி வழங்குவோரின் தகுதி போதிய அளவு சோதிக்கப்படாததால் மோசடிகள் நிகழ்ந்தன. 2001 நவம்பரில் அத்திட்டம் மூடப்பட்டது.

இந்தியாவில்

இந்தியாவில் என்.ஐ.ஐ.டி. 1981 ஆம் ஆண்டிலும், ஆப்டெக் 1986 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டு, பல நகரங்களில் கணினிப் பயிற்சி மையங்களை நடத்தின. நடுவண் அரசின் டோயக் அமைப்பு ஓ, ஏ, பி, சி என்னும் நான்கு நிலைகளில் தேர்வுகளை நடத்தியது. தனியார் மையங்களில் பயின்றவரும் இவற்றை எழுத முடிந்தது. பயிற்றுவிப்போரும் தேர்வு நடத்துவோரும் வெவ்வேறாக இருந்தமை இம்முறையின் சிறப்பாகும். இவ்வமைப்பு 2011 ஆம் ஆண்டில் நைலிட் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

சான்றிதழைத் தேர்ந்தெடுத்தல்

மறுபயிற்சிக்கு முன்வருவோர் சில செய்திகளை ஆராய்தல் நன்று. தாம் வாழும் ஊரின் வேலை விளம்பரங்கள் எச்சான்றிதழைக் கேட்கின்றன, அதனுடன் எத்தனை ஆண்டு அனுபவம் கோருகின்றன, தேர்வுக் கட்டணமும் புதுப்பிப்புக் கட்டணமும் எவ்வளவு, பயிற்சி மையத்தில் செய்முறைக்கு எத்தனை மணிநேரம் ஒதுக்கப்படுகிறது என்பன அவற்றுள் முதன்மையானவை. வேலை உறுதி என விளம்பரம் செய்யும் மையங்களிடம் அவ்வுறுதியை எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். தேர்வை நடத்தும் அமைப்புகள் பாடத்திட்டத்தைத் தம் இணையதளங்களில் இலவசமாக வெளியிடுவதால், பணம் செலுத்துமுன் அதனைப் படித்து, அப்பணி தமக்கு ஏற்றதா என்பதை முடிவு செய்ய முடியும்.