தழும்பைப் பார்த்ததும் திட்டாதீர்கள்... பக்கத்தில் உட்காருங்கள்!

சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கிறான் பிள்ளை. கேட்டால், ‘முள்ளு கீறிடுச்சு’ என்கிறான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கீறல் விழுந்தால், அது முள்ளாக இருக்காது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் பெரும்பாலும் பதின்வயதில்தான் தொடங்குகிறது.

ஏன் இப்படி?

இது நாடகம் அல்ல. ஊரைக் கூட்டுவதற்காகச் செய்பவர்கள் காயத்தை மறைக்க மாட்டார்கள். எப்போதும் சாகும் எண்ணத்தோடு செய்வதும் இல்லை. தேர்வுத் தோல்வி, கேலி, பாலியல் தொல்லை, அப்பாவின் குடி, வாசலில் நிற்கும் கடன்காரர் என வாய்விட்டுச் சொல்ல முடியாத பாரம், உடம்பின் மீது இறங்குகிறது. பாரம் மட்டும் குறைவதில்லை; குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. கவனிக்காமல் விட்டால், பின்னாளில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டார் என்ன செய்யலாம்?

முதலில் காயத்துக்கு மருந்து போடுங்கள். ஆழமாக இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பிறகு, தனியாக இருக்கும்போது, ‘மனசுல என்ன கஷ்டம் கண்ணு? சொல்லு, நான் திட்ட மாட்டேன்’ என்று கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். சத்தியம் வாங்காதீர்கள், அது மீறப்பட்டால் அடுத்தமுறை மறைப்பார்கள்.

‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ‘ஆமாம்’ என்றால், தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பூட்டும் ஒரு மருந்துதான்!

உயிரை விடத் தூண்டும் வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக் கூடாது. பூச்சிக்கொல்லியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பொறுப்பான பெரியவரிடம் கொடுங்கள். தேவைக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். கொடிய பூச்சிக்கொல்லிகளை 1990-களில் தடை செய்த இலங்கையில், அடுத்த பத்தாண்டில் தற்கொலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

வழக்கு வருமா?

‘போலீஸ் கேஸ் ஆகிடும்’ என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறலாம்.

உதவிக்கு: டெலி மானஸ் 14416 (24 மணி நேரமும், இலவசம், தமிழிலேயே பேசலாம்), தமிழக அரசின் 104. பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் வீட்டாரும் அழைக்கலாம்.