களைத்தோர்க்குப் புதுப்பெலன்
ஏசாயா 40:27-31: ஒரு விளக்கம்

சோர்வு என்பது விசுவாசக் குறைவின் அடையாளம் என்னும் எண்ணம் நம் சபைகளில் வேரூன்றியுள்ளது. படுக்கையிலிருக்கும் தாயைப் பல்லாண்டுகளாகப் பராமரிக்கும் மகள், மழை பொய்த்த நிலத்தை நம்பிக் கடன்பட்ட உழவர், பல சிற்றூர்ச் சபைகளைத் தனியே தாங்கும் போதகர் ஆகியோர் தம் களைப்பை வெளியே சொல்ல நாணுகின்றனர். சொன்னால், இன்னும் ஊக்கமாய் ஜெபிக்கவேண்டும் என்னும் அறிவுரையே கிடைக்கும் என்று அவர்கள் அறிவர். இத்தகையோருக்கு நாம் அடிக்கடி எடுத்துரைக்கும் திருமறைப் பகுதி, ஏசாயா 40-ஆம் அதிகாரத்தின் இறுதி வசனங்களாகும். அவை யாருக்கு உரைக்கப்பட்டன, உண்மையில் எதை வாக்களிக்கின்றன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1. களைத்தோரின் முறையீடு

கி.மு. 597-லும் 587-லும் யூதா மக்களில் பலர் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டனர். கி.மு. 539-ல் கோரேசு மன்னன் பாபிலோனைக் கைப்பற்றுவதற்குச் சற்று முன்னர், அங்கிருந்த மக்களுக்கு இவ்வதிகாரம் உரைக்கப்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. அம்மக்களின் வாழ்க்கையைப் பற்றிய களிமண் ஆவணங்கள் பல 2014-ஆம் ஆண்டில் நூலாக வெளியிடப்பட்டன. 'யூதாவின் ஊர்' என்றே பெயர்பெற்ற ஒரு குடியிருப்பில் அவர்கள் பயிரிட்டு, வரி செலுத்தி, கடன் வாங்கி வாழ்ந்ததை அவை காட்டுகின்றன. ஆகவே, அவர்களை வாட்டியது விலங்கும் சவுக்கும் மட்டுமன்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தும் ஒன்றும் மாறவில்லை என்னும் ஏக்கமே அவர்களை உள்ளூர அரித்தது. தங்கள் வழி ஆண்டவரின் கண்ணுக்கு எட்டவில்லை, தங்கள் வழக்கை அவர் கவனிக்கவில்லை என்று அவர்கள் முறையிட்டனர் (வச. 27). தீர்க்கதரிசி அம்முறையீட்டை மறுத்துப் பேசுகிறார். ஆயினும் முறையிட்டவர்களை அவர் தள்ளிவிடவில்லை. அவர்களுக்கே வாக்குத்தத்தம் அருளப்படுகிறது.

2. பெலனின் ஊற்று

களைப்பையும் சோர்வையும் குறிக்கும் இரண்டு எபிரேய வினைச்சொற்கள் இப்பகுதியில் இணையாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. படைத்தவருக்கு இவ்விரண்டும் இல்லை என்கிறது 28-ஆம் வசனம். இளைஞருக்கோ இவ்விரண்டும் உண்டு என்கிறது 30-ஆம் வசனம். ஆண்டவருக்குக் காத்திருப்போருக்கு இவ்விரண்டும் இல்லை என்கிறது 31-ஆம் வசனம். இவ்வமைப்பு கருத்தூன்றி நோக்கத்தக்கது. முதலில் கடவுளைப் பற்றிச் சொல்லப்பட்டதே இறுதியில் களைத்த மனிதரைப் பற்றியும் சொல்லப்படுகிறது. புதுப்பெலன் என்பது நமக்குள் ஒளிந்திருந்து தட்டியெழுப்பப்படும் ஆற்றல் அன்று. சோர்வறியாதவர் சோர்ந்தவருக்குத் தம்முடையதிலிருந்து பகிர்ந்தளிப்பதாகும். உடல் வலிமையில் சிறந்த இளைஞரும் இடறுவர் என்று கூறுவதன் மூலம், சோர்வு மனித இயல்பு என்பதையும் தீர்க்கதரிசி தெளிவாக்குகிறார். அது வெட்கத்துக்குரியதன்று.

காத்திருத்தலைக் குறிக்கும் சொல்லும் நோக்கத்தக்கது. அதனோடு தொடர்புடைய 'திக்வா' என்னும் பெயர்ச்சொல் நம்பிக்கையைக் குறிக்கும். ராகாப் தன் சன்னலில் கட்டிய சிவப்பு நூற்கயிற்றைக் குறிக்கவும் அதே சொல்லே வருகிறது (யோசுவா 2:18). காத்திருத்தல் என்பது கைகட்டிச் சும்மாயிருப்பதன்று, விடுவிப்பவரோடு கட்டப்பட்டிருப்பதாகும். 'புதுப்பெலன்' என்னும் நம் மொழிபெயர்ப்பின் பின்னுள்ள எபிரேய வினை, ஒன்றை மாற்றி வேறொன்றைப் பெறுவதைக் குறிக்கும். யோசேப்பு சிறையின் உடையை மாற்றியதற்கும் (ஆதி. 41:14), வெட்டுண்ட மரம் மீண்டும் துளிர்ப்பதற்கும் (யோபு 14:7) அவ்வினையே ஆளப்படுகிறது.

3. கழுகைப் பற்றிய கட்டுக்கதை

நாற்பது வயதான கழுகு மலையுச்சிக்குச் சென்று, தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, இறகுகளைப் பிடுங்கி, மீண்டும் இளமை பெற்று எழுபது வயதுவரை வாழ்கிறது என்னும் கதை பிரசங்கங்களில் வழங்கிவருகிறது. இதில் உண்மையில்லை. அலகும் இறகும் இழந்த கழுகு இரை தேட இயலாது மடியும். கழுகின் இறகுகள் சிறிது சிறிதாகவே உதிர்ந்து முளைக்கின்றன. இக்கதை இயற்கைக்கு மட்டுமன்றி, இவ்வசனத்தின் கருத்துக்கும் முரணானது. களைத்தவனே தன்னை வருத்தித் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று அது போதிக்கிறது. ஏற்கெனவே நொந்தவர்மேல் அது இன்னொரு சுமையை ஏற்றுகிறது.

திருமறையின் 'நெஷெர்' என்னும் சொல் பாறு எனப்படும் பெருங்கழுகையும் குறிக்கும். மீகா 1:16 அதன் மொட்டைத் தலையைச் சுட்டுகிறது. இப்பெரும் பறவை நெடுநேரம் சிறகடித்துப் பறப்பதில்லை. வெயிலேறி நிலம் சூடாகும்வரை காத்திருந்து, மேலெழும் வெப்பக் காற்றில் சிறகை விரித்து மிதந்து உயர்கிறது. அதைத் தூக்கிச் செல்வது காற்றே. காத்திருப்போருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை இல்லை.

4. பறத்தல், ஓடுதல், நடத்தல்

வாக்குத்தத்தம் பறத்தலில் தொடங்கி, ஓடுதலுக்கு இறங்கி, நடத்தலில் முடிகிறது. ஏறவேண்டிய வரிசை ஏன் இறங்குகிறது? பாபிலோனிலிருந்து எருசலேமுக்குச் செல்லும் வழி இதற்கு விடை கூறும். பிற்காலத்தில் எஸ்றா முதல் மாதம் முதல் தேதியில் புறப்பட்டு, ஐந்தாம் மாதம் முதல் தேதியில் எருசலேமை அடைந்தார் (எஸ்றா 7:9). நான்கு மாதப் பயணம் அது. முதியோரும் குழந்தைகளும் அவ்வழியைப் பறந்தோ ஓடியோ கடக்க இயலாது. நாள்தோறும் நடந்தே கடக்கவேண்டும். எனவே, அடுத்த அடியை எடுத்துவைக்கும் பெலனே இவ்வாக்குத்தத்தத்தின் சிகரமாக அமைகிறது. உள்ளான மனிதன் நாளுக்கு நாள் புதிதாக்கப்படுவதைப் பவுல் கூறுவதும் இக்கருத்திலேயே (2 கொரி. 4:16). அவருடைய முள் நீங்கவில்லை. ஆயினும் அவர் தம் ஊழியத்தில் தொடர்ந்து நடந்தார்.

இவ்வுண்மை நம் ஊழிய முறையை மாற்றவேண்டும். களைத்து வருபவரிடம் பறக்கும்படி கேட்காதிருப்போமாக. முதலில் அவருடைய முறையீட்டைச் செவிசாய்த்துக் கேட்போம். தாயைப் பராமரிக்கும் மகளுக்குச் சபையார் வாரத்தில் ஓரிரவு மாற்றாக நின்றால், அவ்வுறக்கமும் கடவுள் தரும் பெலனே. சூரைச்செடியின் கீழ்ச் சோர்ந்து கிடந்த எலியாவுக்கு ஆண்டவர் முதலில் அருளியதும் உறக்கமும் அப்பமுமே அன்றோ (1 இராஜா. 19:5-8)? மனச்சோர்வு நோயாக முற்றியவர் மருத்துவரை நாடுவது அவிசுவாசமன்று. இன்று ஓர் அடி எடுத்துவைத்தவர், ஆண்டவரின் பெலனைப் பெற்றவரே. நாளைய அடிக்குரிய பெலனை, சோர்வறியாத அவர் நாளை தருவார்.